பகையை மீறிய பந்தாட்டம்: கான் பிராஸ்னன் சரிதை

அன்னிய ஆட்சியை எதிர்த்து ஒன்றாகப் போராடிய தேசபக்தர்கள், ஆட்சி தங்கள் கைக்கு வந்ததும் இரு கட்சிகளாகப் பிரிந்து ஒருவரையொருவர் மாய்த்துக்கொண்ட சம்பவங்கள் உலக சரித்திரத்தில் ஒன்றிரண்டல்ல. அவ்விதச் சகோதர யுத்தங்கள் எவ்வாறு மூண்டன, யார் முதலில் சுட்டார்கள் என்பதையெல்லாம் சரித்திராசிரியர்கள் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால், யுத்தம் ஓய்ந்தபின் அதே கிராமத்தில், அதே கடைத்தெருவில், அதே மாதா கோவிலில் அந்த ஜனங்கள் மறுபடியும் எவ்வாறு முகத்தோடு முகம் பார்த்து வாழ்ந்தார்கள் என்பதை எழுதியவர் சிலரே. அரசியல் ஊழியர்களுக்கு அவசியமான பாடம் இந்த இரண்டாவது பகுதியிலேயே இருக்கிறதென்பது நமது அபிப்பிராயம். ஆகையால், அயர்லாந்து தேசத்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கெர்ரி ஜில்லாவில் பிறந்த ஒரு பந்தாட்ட வீரரின் வாழ்க்கையை இன்று நேயர்கள் முன் வைக்கிறோம். அவர் பெயர் கான் பிராஸ்னன்.

அவர் மந்திரி பதவி வகித்தவரல்லர். புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவரல்லர். பந்து உதைத்தார், அதனிலும் பெரிதாக, தமது விரோதி ஒருவர் பந்து உதைப்பதற்கு வழி செய்து கொடுத்தார். இந்த இரண்டாவது காரியத்தை முன்னிட்டே அவரைப் பற்றி எழுதப் புகுந்தோம்.

ஆட்டமும் தேசீயமும்

கேலிக் பந்தாட்டம் என்பது நாம் அறிந்த கால்பந்தாட்டமன்று. இதில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். இரு கம்பங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டத்திற்குக் கீழே பந்தைச் செலுத்தினால் ஒரு கோல். சட்டத்திற்கு மேலே செலுத்தினால் அந்நாளில் ஒரு பாயிண்டு. கோல் ஒன்றுக்கு மூன்று பாயிண்டு மதிப்பு என்பது 1896ஆம் ஆண்டு முதல் வழங்கும் விதி. 1913 முதல் ஒவ்வொரு கோஷ்டியிலும் பதினைந்து பேர் ஆடுகிறார்கள். கெர்ரி ஜில்லாவார் அந்நாளில் கையாண்ட முறை எளியது, ஆனால் கடினமானது. உயரே எழும்பி, எதிரியின் தலைக்கு மேல் பந்தைப் பிடித்து, தயங்காமல் நெடுந்தூரம் உதைக்க வேண்டும். உடல் வலியும் அஞ்சாமையும் இல்லாதவர்களுக்கு அதில் இடமில்லை.

இந்த ஆட்டத்தை நடத்தி வரும் கேலிக் தேகப்பயிற்சிச் சங்கம் 1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி தர்லஸ் என்னும் ஊரில் மைக்கேல் கூசாக், மாரிஸ் டேவின் முதலியோரால் ஸ்தாபிக்கப்பட்டது. ஆங்கிலேயரின் ஆட்டங்களே நாகரிகமென்று அயர்லாந்து வாலிபர்கள் எண்ணத் தொடங்கிய காலத்தில், சுதேச ஆட்டங்களைப் புதுப்பித்து, அவற்றின் மூலம் ஜனங்களுக்குத் தன்மதிப்பை ஊட்டுவதே அதன் நோக்கம். ஒவ்வொரு மாதா கோவில் வட்டாரத்துக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு கோஷ்டி, வருஷந்தோறும் அகில அயர்லாந்து வெற்றிக்காகப் போட்டி என்று அது ஏற்பாடு செய்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது, இன்றளவும் அவ்வாறே. குடியானவரும், கடைக்காரரும், பள்ளி உபாத்தியாயரும் தங்கள் வேலை முடிந்தபின் பயிற்சி செய்து ஜில்லாவுக்காக ஆடுகிறார்கள்.

அச்சங்கத்தில் நாம் ஒப்புக்கொள்ள முடியாத கண்டிப்புகளும் இருந்தன. கிரிக்கெட், ரக்பி, சாதாரணக் கால்பந்து ஆகியவற்றை ஆடினவர்களை நீண்ட காலம் அது விலக்கி வைத்தது. அந்தத் தடை 1971இல்தான் நீங்கிற்று. சங்கத்தைத் தேசீயத்தின் பாசறையென்று பிரிட்டிஷ் அதிகாரிகள் கருதியதில் வியப்பில்லை. 1920ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி காலையில் டப்ளின் நகரில் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றனர். அன்று பிற்பகல் குரோக் பார்க் மைதானத்தில் டப்ளினும் டிப்பரரியும் பந்தாடிக்கொண்டிருந்தபோது சர்க்கார் படையினர் உட்புகுந்து சுட்டதில் பதினான்கு பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். அன்று முதல் அந்த மைதானம் ஐரிஷ் ஜனங்களுக்கு ஒரு தியாக பூமியாயிற்று.

இளமையும் போராட்டமும்

கான் பிராஸ்னன் 1900ஆம் ஆண்டு கெர்ரி ஜில்லாவின் வடபகுதியில், நியூடவுன் சாண்ட்ஸ் என்று வழங்கிய கிராமத்தில் பிறந்தார். நிலச்சுவான்தார் குடும்பமொன்றின் பெயரை ஏந்தி நின்ற அந்தக் கிராமம் பின்னர் மாய்வேன் என்ற பழைய பெயரைப் பெற்றது. அவர் பதினாறு வயது நிரம்பும் காலத்தில் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நடந்தது. அதன் தலைவர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தலைமுறை வாலிபர்கள் பலரைப்போல் அவரும் ஐரிஷ் குடியரசுப் படையில் சேர்ந்தார்.

அவர் அஹிம்சாவாதியல்லர், அப்படிச் சித்திரிக்க நாம் விரும்பவுமில்லை. 1921ஆம் ஆண்டு ஜனவரியில் லிஸ்டோவெல் நகர வீதியில் போலீஸ் ஜில்லா இன்ஸ்பெக்டர் டோபையஸ் ஓ'ஸல்லிவன் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்காரியத்தை நிறைவேற்ற ஏவப்பட்டவர்களில் பிராஸ்னனும் ஒருவர். மாண்ட அதிகாரியும் ஓர் ஐரிஷ்காரரே, கத்தோலிக்கரே. யுத்தத்தின் கொடுமை இன்னதென்பதைப் பிராஸ்னன் இருபது வயதிலேயே நேரில் அறிந்திருந்தார் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். பிற்காலத்தில் அவர் காட்டிய பெருந்தன்மை, இரத்தம் காணாதவனுடைய இளகிய மனத்திலிருந்து வந்ததன்று.

பிளவு

1921 டிசம்பர் 6ஆம் தேதி லண்டனில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அயர்லாந்தின் இருபத்தாறு ஜில்லாக்களுக்குச் சுதந்திர ராஜ்யம் என்ற பெயரில் சுயாட்சி கிடைத்தது. ஆனால் சட்டசபை அங்கத்தினர்கள் பிரிட்டிஷ் மன்னர் பெயரைச் சொல்லிச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். வடக்கிலுள்ள ஆறு ஜில்லாக்கள் தனியே நிற்கும். கிடைத்ததை ஏற்று மேலே செல்வதா, குடியரசுக்குச் செய்த பிரதிக்ஞையைக் காப்பதா என்ற கேள்வி எழுந்தது. டாயில் என்னும் ஐரிஷ் சட்டசபை 1922 ஜனவரி 7ஆம் தேதி 64 வோட்டுக்கு 57 என்ற கணக்கில் உடன்படிக்கையை ஏற்றது. ஏழே வோட்டு வித்தியாசம். இரு தரப்பிலும் நேர்மையும் தியாகமும் உள்ளவர்கள் நின்றார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. 1922 ஜூன் 28ஆம் தேதி டப்ளினில் பீரங்கி முழங்கிற்று. சகோதர யுத்தம் மூண்டது.

பிராஸ்னன் உடன்படிக்கையை ஏற்று, சுதந்திர ராஜ்யத்தின் சேனையில் காப்டன் பதவி பெற்றார். அவரிலும் மூன்று வயது மூத்தவர், டிராலீ நகரத்தவரான ஜான் ஜோ ஷீஹி. இவர் குடியரசுக் கட்சியில் உறுதியாக நின்று, டிராலீயில் எதிர்ப்படைக்குத் தலைமை வகித்தார். இருவரும் ஒரே ஜில்லா. இருவரும் ஒரே மதம். இருவரும் முன்பு ஒரே படை. இருவருக்கும் பந்தாட்டமே உயிர். இப்பொழுது ஒருவர் மற்றவரைக் கண்ட இடத்தில் சுட வேண்டியவர்.

1922 ஆகஸ்டு 2ஆம் தேதி சுதந்திர ராஜ்யத்தின் துருப்புகள் கப்பலில் வந்து பெனிட் துறையில் இறங்கி டிராலீயைக் கைப்பற்றின. குடியரசுக் கட்சியார் மலைகளுக்குப் பின்வாங்கி மறைந்திருந்து தாக்கினர். மற்ற ஜில்லாக்களில் சண்டை தளர்ந்த பின்பும் கெர்ரியில் அது தணியவில்லை. 1923 மார்ச்சு மாதத்தில் அங்கு நடந்தவை எழுதக் கை கூசுபவை. 6ஆம் தேதி நாக்னகோஷல் என்னுமிடத்தில் பொறிவெடி வைத்து ஐந்து ராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் டிராலீ சிறையிலிருந்த ஒன்பது கைதிகளைப் பாலிஸீடி என்னுமிடத்திற்குக் கொண்டுசென்று, ஒன்றாகக் கட்டி, வெடியை வெடிக்கச் செய்தனர் சர்க்கார் துருப்பினர். எட்டுப் பேர் சிதறி மாண்டனர். ஸ்டீபன் புல்லர் என்பவர் வெடியின் வேகத்தில் தூக்கியெறியப்பட்டு உயிர் தப்பினார். அதே தினத்தில் கில்லார்னியில் நான்கு கைதிகளும், 12ஆம் தேதி காஹர்ஸிவீனில் ஐந்து கைதிகளும் அவ்வாறே மாய்ந்தனர். சேனையார் தாங்களே ஒரு விசாரணை நடத்தி, கைதிகளின் சொந்தக் கட்சியார் வைத்த வெடியே அவர்களைக் கொன்றது என்று தீர்ப்புக் கூறினார்கள். தப்பியவர் உயிரோடிருந்து உண்மையைச் சொல்லும்போது அத்தகைய தீர்ப்பை யார் நம்புவர்? கெர்ரியில் சர்க்கார் உடுப்பு அணிந்தவர்மீது மூண்ட வெறுப்புக்கு எல்லையில்லாமற் போயிற்று.

சிறை மீண்டவர்கள்

1923 மே மாதத்தில் குடியரசுக் கட்சியார் ஆயுதங்களைக் கீழே வைத்தனர். யுத்தம் நின்றது, சமாதானம் வரவில்லை. உடன்படிக்கை என்று எதுவும் இரு தரப்பாராலும் கையெழுத்திடப்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறைகளில் கிடந்தனர். அவ்வருஷக் கடைசியில் அவர்கள் உண்ணாவிரதமும் இருந்து பார்த்தார்கள். வெளியே இருந்தவர்களோ பிடிபடாமல் ஒளிந்து திரிந்தார்கள். ஷீஹி அவர்களுள் ஒருவர்.

சிறைகளில் பொழுதைக் கழிக்கக் கைதிகள் என்ன செய்தார்கள்? பந்தாடினார்கள். கெர்ரியின் சிறந்த ஆட்டக்காரர் பலர் கம்பிவேலிக்குள் இருந்தனர். 1924ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடுதலை பெற்று வந்தவர்கள் தனியே ஒரு கோஷ்டி சேர்ந்து, வெளியே இருந்த கெர்ரி ஜில்லா கோஷ்டியோடு மோதினார்கள். யுத்தத்தில் தீராத வழக்கை மைதானத்தில் தீர்க்க வந்தவர்கள்போல் அவர்கள் ஆடியிருப்பார்கள் என்பதை யாரும் ஊகிக்கலாம். ஆனால் அதன் பயன் வேறாயிற்று. அப்போட்டிகளில் திறமை காட்டியவர்களைப் பொறுக்கி இரு தரப்பும் கலந்த ஒரே கெர்ரி கோஷ்டியை அமைத்தார்கள். பொறுக்கியவர்கள் கட்சியைப் பார்த்திருந்தால் பாதி பலமுள்ள இரண்டு கோஷ்டிகள் கிடைத்திருக்கும். ஆட்டத்தைப் பார்த்ததால் அயர்லாந்தையே வெல்லக்கூடிய ஒரு கோஷ்டி கிடைத்தது.

அந்தக் கோஷ்டியின் ஒற்றுமைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1923ஆம் வருஷத்திய போட்டியின் இறுதி ஆட்டம் காலதாமதப்பட்டு 1924 ஜூன் மாதத்தில் நடக்கவிருந்தது. கெர்ரி பந்தாட்டச் சபையின் தலைவரான ஆஸ்டின் ஸ்டாக் அப்பொழுதும் சிறையில் இருந்தார். அவர் 1904ஆம் வருஷத்துக் கெர்ரி கோஷ்டிக்குத் தலைமை வகித்து வெற்றி கண்டவர். குடியரசுக் கட்சியின் முக்கியஸ்தர். தங்கள் தலைவரும் மற்றக் கைதிகளும் சிறையில் வாடும்போது மைதானத்தில் இறங்குவதில்லை என்று கெர்ரி கோஷ்டி மறுத்துவிட்டது. சர்க்கார் சேனையைச் சேர்ந்தவர்களும் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஜூலையில் ஸ்டாக் விடுதலையானார். செப்டம்பர் 28ஆம் தேதி ஆட்டம் நடந்தது. டப்ளின் 1-5, கெர்ரி 1-3 என்ற கணக்கில் கெர்ரி தோற்றது. தோற்றாலும் கோஷ்டி உடையவில்லை.

ஒரு வாக்குறுதி

இனி, பிராஸ்னனுடைய பெயர் நிலைத்து நிற்பதற்குக் காரணமான சம்பவத்தைச் சொல்லுவோம். 1924இல் ஷீஹி தேடப்படும் மனிதர். பொது மன்னிப்பு அவ்வருஷம் நவம்பரில்தான் பிறந்தது. அதற்கு முன்பு மன்ஸ்டர் மாகாண இறுதி ஆட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் கூடும் மைதானம். நுழைவாயிலில் சேனையும் போலீஸும். ஷீஹி வந்தால் பிடிபடுவார். வராவிட்டால் கெர்ரி தன் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரரை இழக்கும். காப்டன் பிராஸ்னன் முன்வந்து, ஷீஹி ஆடிவிட்டுத் திரும்பும்வரை அவரை யாரும் தொடமாட்டார்கள் என்று அபயம் பெற்றுக் கொடுத்தார். ஷீஹி ஜனக் கூட்டத்தினிடையிலிருந்து வெளிப்பட்டு மைதானத்தில் இறங்கினார் என்றும், ஆட்டம் முடிந்ததும் வந்தபடியே கூட்டத்தில் கலந்து மறைந்தார் என்றும் கெர்ரியில் இன்றும் வழிவழியாகச் சொல்லுகிறார்கள்.

சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தச் சம்பவம் சிந்தனைக்குரியதாகத் தோன்றுகிறது. பிராஸ்னனிடம் இருந்தது நீதிஸ்தலத்தின் உத்தரவன்று. ஷீஹியின் கையில் முத்திரையிட்ட பத்திரம் எதுவுமில்லை. நம்பி ஏமாந்திருந்தால் அவர் முறையிடுவதற்கு ஓர் இடமும் இல்லை. பாலிஸீடியில் கைதிகள் மாண்டு ஓராண்டு சென்றிருந்தது. சர்க்கார் உடுப்பு அணிந்த ஒருவருடைய வார்த்தையை நம்பி உயிரைப் பணயம் வைக்க எவருக்குத்தான் துணிவு வரும்? பிராஸ்னன் பக்கத்திலும் அபாயம் குறைவன்று. தேடப்படும் படைத் தலைவனைத் தப்பவிட்ட அதிகாரி என்று அவருடைய கட்சியாரே தூற்றக்கூடும். மைதானத்தில் யாரோ ஒரு முரட்டுச் சிப்பாய் ஷீஹியைப் பிடித்திருந்தாலோ, சுட்டிருந்தாலோ, துரோகி என்ற பெயர் பிராஸ்னன் தலையில் ஆயுள் உள்ளவரை நின்றிருக்கும். இவ்வளவையும் தெரிந்து ஒருவர் வார்த்தை கொடுத்தார். மற்றவர் அதை ஏற்றார்.

இருவரில் யாருடைய செய்கை பெரிது என்று நண்பர்கள் சிலர் வாதிப்பதுண்டு. அபயம் கொடுப்பது அதிகாரமுள்ளவனுக்குச் சுலபம், நம்புவதே அரிது என்பார் ஒரு சாரார். வென்றவன் தானாக இறங்கி வருவதே அரிது, தோற்றவனுக்கு வேறு வழியில்லை என்பார் மற்றொரு சாரார். நமது அபிப்பிராயம் இது: முதல் அடியை எடுத்துவைக்கும் கடமை எப்பொழுதும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவரைச் சேர்ந்தது. பிராஸ்னன் அந்தக் கடமையை, யாரும் கேளாமலும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலும் நிறைவேற்றினார்.

வெற்றிகள்

1924ஆம் வருஷத்திய போட்டியின் இறுதி ஆட்டம் 1925 ஏப்ரல் 26ஆம் தேதி குரோக் பார்க்கில் நடந்தது. எதிரி அதே டப்ளின். இரு கோஷ்டியும் ஒரு கோல்கூடப் போட முடியாதபடி கடும் போராட்டம். கெர்ரி 0-4, டப்ளின் 0-3 என்று முடிந்தது. வெற்றிக்குரிய கடைசிப் பாயிண்டை உதைத்தவர் பிராஸ்னன். தமது சேனையில் பிடிபட்டிருந்தால் சிறையில் கிடந்திருக்கக்கூடிய ஷீஹியும், சிறையிலிருந்து மீண்ட ஜோ பாரெட்டும் அன்று அவருடன் ஒரே நிற உடுப்பு அணிந்து நின்றார்கள். இரண்டு வருஷங்களுக்கு முன்பு ஒருவரையொருவர் வேட்டையாடிய ஜில்லா அந்த ஒரு பாயிண்டுக்காக ஒரே குரலில் ஆர்ப்பரித்தது.

பிராஸ்னன் மைதானத்தின் நடுவில் ஆடியவர். கேலிக் பந்தாட்டத்தில் நடு இடம் என்பது ஆட்டத்தின் நரம்பு. பின்வரிசையிலிருந்து வரும் பந்தை உயரே எழும்பிப் பிடிப்பதும், முன்வரிசைக்கு நேர்த்தியாக அனுப்புவதும், ஒரு மணி நேரமும் ஓயாமல் மேலும் கீழும் ஓடுவதும் அங்கு நிற்பவர் கடமை. அவரும் பாப் ஸ்டாக்கும் சேர்ந்து நின்ற நடுவரிசை பல வருஷம் அயர்லாந்தில் ஈடற்று விளங்கிற்று. 1924, 1926, 1929, 1930, 1931, 1932 ஆகிய ஆறு வருஷத்திய போட்டிகளிலும் அகில அயர்லாந்து வெற்றிப் பதக்கம் பிராஸ்னனுக்குக் கிடைத்தது. கடைசி நான்கும் தொடர்ந்து பெற்ற வெற்றிகள். அதற்கு முன்பு 1915 முதல் 1918 வரை வெக்ஸ்போர்டு ஜில்லா ஒன்றே அப்பெருமையை அடைந்திருந்தது. 1930இல் மானகன் ஜில்லாவை 3-11க்கு 0-2 என்ற கணக்கில் கெர்ரி முறியடித்தது. இறுதி ஆட்டத்தில் அத்தகைய தோல்வி அரிது.

அந்த வெற்றிகளில் கோஷ்டித் தலைவர்களாக இருந்தவர் யார் என்று பார்த்தால் இன்னொரு விஷயம் விளங்கும். 1926லும் 1930லும் ஷீஹி. 1929லும் 1932லும் பாரெட். இருவரும் குடியரசுக் கட்சியார். சர்க்கார் சேனையில் காப்டனாக இருந்த பிராஸ்னன், அந்தச் சேனை தேடியவரும் அடைத்து வைத்தவருமான இருவருடைய தலைமையின் கீழ் மனங்கோணாமல் ஆடினார்.

பாரெட்டின் பதில்

மிஞ்சி நிற்பது 1931. கெர்ரியில் ஒரு வழக்கம் உண்டு. ஜில்லாவுக்குள் நடக்கும் போட்டியில் வென்ற சங்கமே அடுத்த வருஷம் ஜில்லா கோஷ்டியின் தலைவரை நியமிக்கும். 1931இல் அந்த உரிமை டிராலீ நகரத்து ராக் தெருச் சங்கத்தைச் சேர்ந்தது. அது குடியரசுக் கட்சியின் கோட்டை. தலைமை நியாயமாக ஜோ பாரெட்டுக்கு வரவேண்டியது. அவர் யுத்தகாலத்தில் சிறைவாசம் அனுபவித்தவர். பாரெட் அந்தப் பதவியைத் தாம் ஏற்காமல், கான் பிராஸ்னனுக்கு அளித்தார். சொந்தச் சங்கத்தில் எதிர்ப்பு இல்லாமலில்லை. பாலிஸீடியை மறக்காதவர்கள், சர்க்கார் சேனையின் அதிகாரிக்கா இந்த மரியாதை என்று கேட்டார்கள். பாரெட் தமது தீர்மானத்தினின்றும் பின்வாங்கவில்லை. 1931 செப்டம்பர் 27ஆம் தேதி பிராஸ்னன் தலைமையில் கெர்ரி 1-11, கில்டேர் 0-8 என்ற கணக்கில் வென்றது.

1924இல் பிராஸ்னன் கொடுத்த வாக்குக்கு ஏழு வருஷம் கழித்து வந்த பதிலாகவே நாம் இதைக் கொள்ளுகிறோம். முதற் செய்கையில் வென்ற கட்சியார் இறங்கி வந்தார். இரண்டாவதில் தோற்ற கட்சியார் தமக்குரிய கௌரவத்தை எடுத்துக் கொடுத்தார். ஒன்று மாத்திரம் நடந்து மற்றது நடவாதிருந்தால், முதலாவது வெறும் தயவாகவே முடிந்திருக்கும். தயவு செய்தவனுக்கும் பெற்றவனுக்கும் இடையே சமத்துவம் இராது. சமத்துவமில்லாத இடத்தில் சமாதானமும் நெடுநாள் நில்லாது.

ஆட்டம் சாதிக்காதவை

இதையெல்லாம் படிக்கும் நேயர்கள், ஒரு பந்து உருண்டதும் கெர்ரியின் துயரமெல்லாம் தீர்ந்துவிட்டதென்று எண்ணலாகாது. பாலிஸீடியில் மகனை இழந்த தாய்க்கு எந்தப் பதக்கமும் ஆறுதலாகாது. கொலைகளைப் பற்றிய உண்மையைச் சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. குற்றம் செய்தவர்கள் தண்டனை பெறவுமில்லை. நியாயம் வழங்காமல் நேசத்தை மட்டும் உபதேசிப்பது அநியாயத்துக்குத் துணை போவதாகும் என்று யாரேனும் ஆட்சேபித்தால் அதை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். ஆட்டம் நியாயஸ்தலத்தின் வேலையைச் செய்யாது. செய்ததாகச் சொல்லுவதும் பொய்.

அரசியலிலும் பிளவு நீடித்தது. அந்த இரு தரப்பிலிருந்து பிறந்த பியன்னா பாயில், பைன் கேல் என்ற இரு பெருங் கட்சிகளும் மாறிமாறி ஆட்சி புரிந்தனவேயன்றி ஒரே மந்திரிசபையில் அமர்ந்ததில்லை. 2020ஆம் ஆண்டு ஜூனில்தான், யுத்தம் முடிந்து தொண்ணூற்றேழு வருஷங்களுக்குப் பின், அவை முதன்முதலாகக் கூட்டு மந்திரிசபை அமைத்தன. டப்ளின் சட்டசபைக்குத் தொண்ணூற்றேழு வருஷம் பிடித்த காரியத்தின் ஆரம்பத்தைக் கெர்ரி மைதானத்தில் பதினைந்து பேர் ஒரே வருஷத்தில் செய்துவிட்டார்கள்.

அவர்கள் அதை எப்படிச் செய்ய முடிந்தது? கொள்கையை விட்டுக் கொடுத்தல்ல. ஷீஹி கடைசிவரை குடியரசுவாதியாகவே இருந்தார்; பிராஸ்னன் தாம் உடன்படிக்கையை ஏற்றது சரியே என்ற எண்ணத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒருவர் மற்றவரை மனம் திருப்பவும் முயலவில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு காரியம் இருந்தது. அது இருவருடைய கட்சியையும்விடப் பழையது. அதில் ஒருவர் துணையின்றி மற்றவர் வெல்ல முடியாது. பந்தை உயரே பிடித்து அனுப்ப நடுவில் பிராஸ்னன் வேண்டும். அதை வாங்கி முடிக்க முன்னே ஷீஹி வேண்டும். சமாதான மகாநாடுகள் இரு தரப்பாரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்லுகின்றன. பந்தாட்டம் அவர்களை ஒரே திசையை நோக்கி நிறுத்தி வேலை செய்யச் சொன்னது. இரண்டாவது வழி பல சமயங்களில் முதலாவதைக் காட்டிலும் விரைவில் பயன் தருகிறது.

கட்சிக்காக உழைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுவே. கட்சிகள் இருக்கத்தான் செய்யும். அபிப்பிராய பேதம் இல்லாத ஜனசமூகம் உறங்குகிற சமூகம். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் கட்சி நுழையாத பொதுக்காரியங்கள் சில எஞ்சியிருக்க வேண்டும். வாசகசாலை, ஆட்ட மைதானம், குளம் வெட்டும் வேலை, பள்ளிக்கூடம் ஆகிய இவற்றிலும் கட்சிக் கொடியை நாட்டி விட்டால், கலகம் வரும் நாளில் எதிரிகள் சந்திப்பதற்கு ஓர் இடமும் மிச்சமிராது. கெர்ரியில் அப்படி ஓர் இடம் மிச்சமிருந்தது. கேலிக் சங்கம் சகோதர யுத்தத்தில் எந்தக் கட்சியோடும் சேரவில்லை. சேர்ந்திருந்தால் 1924இல் பிராஸ்னன் வாக்குக் கொடுப்பதற்கு ஆட்டமும் இராது, மைதானமும் இராது.

பிற்காலம்

1932ஆம் வருஷத்து வெற்றிக்குப்பின் பிராஸ்னனுடைய பதக்க வரிசை முடிவுற்றது. அவர் 1975ஆம் ஆண்டு காலஞ்சென்றார். ஷீஹி 1980இல் மறைந்தார். இருவருடைய புதல்வர்களும் கெர்ரிக்காகப் பந்தாடினார்கள். 1955ஆம் வருஷத்து அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் கெர்ரி 0-12, டப்ளின் 1-6 என்ற கணக்கில் வென்றது. அன்று கெர்ரியின் முன்வரிசையில் நின்ற ஆறு பேரில் ஒருவர் ஷீஹியின் மகன் பாடி ஷீஹி. மற்றொருவர் பிராஸ்னனின் மகன் ஜிம் பிராஸ்னன். தகப்பன்மாருக்கு ஒன்றாக ஆட ஓர் அபயவாக்கு தேவைப்பட்டது. பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை.

கான் பிராஸ்னன் வென்ற ஆறு பதக்கங்களைப் பின்னால் வந்தவர்கள் சிலர் தாண்டிவிட்டார்கள். பந்தாட்டப் புகழ் அவ்விதம் தாண்டப்படுவதே இயற்கை. ஆயுதம் தரித்த ஒருவர், ஆயுதமின்றி வந்த விரோதிக்குக் கொடுத்த வார்த்தையை ஒரு மணி நேர ஆட்டம் முழுவதும் காத்து, மறுபடியும் அவரைப் பத்திரமாக அனுப்பிவைத்த செய்கையைத் தாண்டிச் சென்றவர்கள் எந்த நாட்டு அரசியலிலும் அதிகமில்லை. அதிகாரம் கையில் இருக்கும்போது அவ்விதம் நடக்கத் துணிவுள்ள ஊழியர்கள் ஒரு கட்சியில் நாலு பேர் இருந்தால், அந்தக் கட்சியை நம்பி ஒரு தேசத்தை ஒப்புவிக்கலாம்.